மடி கொடுத்தவன்

எறையம்பேட்டைப் பெண்கள் புருஷனைச் சாப்பிடக் கூப்பிட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும் என்று சுற்றுப்பட்டில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரை அடுப்படியிலிருந்து கூப்பிட, ஆற்றுக்கு அக்கரையில் மாடு மேய்ப்பவனைக் கூப்பிடும் குரல் எதற்கு என்று இங்கே பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்தவர், பீரங்கிச் சத்தத்தில் காது மந்தமானவர் என்பது நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். பீரங்கிப் படையில் இருந்தவர்கள் எங்கள் ஊரில் மிகச் சிலர்தான், மற்றவர்கள் காலாட்படை, லாரி ஓட்டியவர்கள், சமையற்கட்டில் இருந்தவர்கள் என்று யாராவது திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. ஒரு விளக்கம் வசதியாக அமைந்துவிட்டால் அதைச் சரிபார்ப்பது மரியாதைக் குறைவு என்பது எங்கள் ஊரின் எழுதாத சட்டங்களில் ஒன்று.

இன்னொரு சட்டம் மடியைப் பற்றியது. சண்டையில் செத்தவனின் தலை கடைசியாக யார் மடியில் இருந்ததோ, அவர் அந்த வீட்டுக்கு மடி கொடுத்தவர். அவர் ஊர் திரும்பினால் சொந்த வீட்டுக்குப் போகும் முன் அந்த வீட்டுக்குப் போக வேண்டும், செத்தவனின் தட்டில் முதல் வாய்ச் சோறு அவர் சாப்பிட வேண்டும், அன்றிலிருந்து அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர் முன்னால் நிற்பார், தகப்பனை இழந்த அந்த வீட்டுப் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன்கூட ஒதுங்கிக்கொள்வான், பிள்ளை உட்காருவது மடி கொடுத்தவர் மடியில்தான். எங்கள் ஊரிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ சண்டைகளுக்குப் போயிருக்கிறார்கள், பலர் திரும்பவில்லை, ஆனால் ஒருவர்கூட மடியில்லாமல் செத்ததில்லை. குண்டு பறக்கிற இடத்தில் இப்படி ஒரு ஒழுங்கு எப்படி அமைந்தது என்று நாங்கள் யோசித்ததில்லை. முந்தைய சட்டத்தை மறுபடி பார்க்கவும்.

ஏகாம்பரமும் முனிரத்தினமும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே நாளில் ஆள் எடுப்புக்குப் போய், ஒரே படைப்பிரிவில் சேர்ந்தவர்கள். வடக்கே பனிமலையில் சண்டை வந்த வருஷம் முனிரத்தினம் பெட்டியில் வந்தான். சில மாதம் கழித்து ஏகாம்பரம் பஸ்ஸில் வந்தான், கையில் பேர் எழுதிய கறுப்புத் தகரப் பெட்டியோடு, மேளம் அடித்துக்கொண்டு நாங்கள் போய் நின்ற நிறுத்தத்தில் இறங்காமல், அதற்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி, வயல் வரப்பில் நடந்து வந்தான். அடக்கமான பையன் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். நேராக முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போனான். முனிரத்தினத்தின் பெண்சாதி பச்சையம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, அழாமல், கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள்.

"அண்ணா, அவரு தல யாரு மடியில இருந்துச்சி?"

வாசலில் ஊரே நின்றது. உள்ளே தட்டில் சோறு போட்டு வைத்திருந்தது.

"என் மடியிலதாம்மா."

"தண்ணி குடிச்சாரா?"

"குடிச்சான்."

அவள் அதற்குப் பிறகுதான் அழுதாள். ஏகாம்பரம் உள்ளே போய் அந்தத் தட்டில் ஒரு வாய் சோறு எடுத்துச் சாப்பிட்டான். அதை மென்று முடிக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டான், பாசம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பிறகு தன் வீட்டுக்கு வந்தான். அவன் பெண்சாதி கனகவல்லி ஆரத்தி எடுத்தாள், அவன் எல்லைக்குப் போன பிறகு பிறந்த மகள் ஷர்மிளா அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தாள், அவன் கூடத்தின் கோடியில் இருந்த வயர் நாற்காலியில் போய் முழங்கால் இரண்டையும் மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கனகவல்லி அடுப்படியிலிருந்து காபியோடு வந்தாள், வந்தாள், வந்துகொண்டே இருந்தாள், பாதி வழியில் காபி ஆறிப்போய்விட்டது, ஏனென்றால் அடுப்படி வாசலுக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில் கூடம் இல்லை, ஒரு நிலம் இருந்தது.

சாம்பல் நிற மண்ணும் சரளைக்கல்லும் உள்ள நிலம், ஒரு புல் கிடையாது, ஒரு முள் கிடையாது, லேசாக மேடேறிப் போய், நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு தட்டைப் பாறையைத் தாங்கி, மறுபடி இறங்கி, இடுப்பளவு கற்குவியல் ஒன்றில் முடிகிற நிலம். அந்தக் குவியலுக்குப் பின்னால்தான் வயர் நாற்காலி. எலும்பில் இறங்கும் குளிர்காற்று ஒன்று சதா வீசியது. மேலே பார்த்தால் அதே ஓட்டுக் கூரை, அதே பல்லி. சின்னக் கூரை ஒன்று அவ்வளவு பெரிய நிலத்தை எப்படி மூடியது என்று கேட்பவர்களுக்கு, வீட்டைக் கட்டிய கொத்தனாரே வந்து அண்ணாந்து பார்த்து, "ஓடு எல்லாம் சரியாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனதைத் தவிர எங்களிடம் வேறு ஆதாரம் இல்லை.

முதலில் வந்து விசாரித்தது சுபேதார் கோதண்டத்தின் பெண்சாதி ராஜாமணி. கோதண்டம் ஊரிலேயே மூத்த பட்டாளத்துக்காரர், இரண்டு வீடுகளுக்கு மடி கொடுத்தவர், காதுகுத்து என்றால் நடுநாயகமாக உட்காருபவர். ராஜாமணியம்மாள் வீட்டுக்குள்கூட வரவில்லை. வாசலில் நின்றபடியே தடித்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடியைக் கனகவல்லியிடம் நீட்டினாள்.

"போட்டுக்கோடி. கல்லு குத்தும்."

"எம்மா நாளைக்கிம்மா இது?"

"மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். கொரல ஒசத்திக் கூப்புடப் பழகிக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். உள்ளே வராதவளுக்குக் கல் இருப்பது எப்படித் தெரியும் என்று கனகவல்லி கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கனகவல்லி பழகிக்கொண்டாள். சோறு ஆறாமல் இருக்க டிபன் கேரியரில் கொண்டுபோனாள், அடுப்படி வாசலில் நின்று "ஏங்க, சாப்புட வரீங்களா" என்று தெருக்கோடிக்குக் கேட்கும்படி கூப்பிட்டாள், ஏகாம்பரத்துக்கும் காது போய்விட்டது என்று ஊரில் சொன்னோம். அவனிடம் கெட்ட குணம் ஒன்றும் இல்லை, குடிக்கவில்லை, அடிக்கவில்லை, ஏதாவது கேட்டால் அந்தக் கோடியிலிருந்து ஒரு பதில் வரும், காற்றில் பாதி போய்விடும். அவ்வளவுதான்.

நிலக்கடலை அறுவடைக் காலம் வந்தது, மழையும் கூடவே வந்தது. காய வைக்க ஈரமில்லாத இடம் தேடி அலைந்துகொண்டிருந்தவர்களுக்கு, கூரை போட்ட, ஈரமே இல்லாத, சதா காற்று வீசுகிற நிலம் ஒன்று தெருவிலேயே இருப்பது ஞாபகம் வராமல் இருக்குமா? முதலில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சாக்குக் கடலை கொண்டுவந்து கொட்டினார், பிறகு ஊரே வந்தது, கடலைக்குப் பிறகு மிளகாய், மிளகாய்க்குப் பிறகு வடகம். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள், நடுப்பாறையில் பந்து பட்டால் பவுண்டரி என்று விதி வைத்துக்கொண்டார்கள். ஆடுகள் மட்டும் அந்தப் பாறையை ஒட்டிப் போகாமல் வளைந்து போயின. நிலம் புறம்போக்கா, வீட்டு மனையா என்று பஞ்சாயத்தில் ஒரு மாலை முழுக்கச் சண்டை நடந்தது. கடைசியில் கூரைக்குக் கீழே இருக்கும் நிலத்தை அளக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கிராம நிர்வாக அலுவலர் சொல்லிவிட்டுக் கொஞ்சம் கடலை கட்டிக்கொண்டு போனார்.

ஒரே ஒரு சிக்கல். ஏகாம்பரம் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போனால் நிலம் சுருங்கிப் பழைய கூடமாகிவிடும். அவன் ஒருநாள் டீக்கடைக்குப் போனபோது ஐந்தாறு வீட்டுக் கடலை கூரை முட்டக் குவிந்து கதவு திறக்க முடியாமல் போனது. அன்றிலிருந்து நாங்கள் அவனிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டோம்.

"மாப்ள, எங்கியும் போவாத. சாயங்காலம் வரிக்கும் அப்படியே குந்திக்கினு இரு, கோடிப் புண்ணியம்."

அவன் உட்கார்ந்திருந்தான், முழங்காலைக் கட்டிக்கொண்டு, எங்கள் மிளகாய் காயும் வரை. அந்த வருஷத்து மிளகாயை நாங்கள் எல்லோரும் தின்றோம் என்பதை இந்த இடத்தில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

ஷர்மிளா அவனை 'அந்தாண்ட மாமா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கனகவல்லி திருத்துவாள், "மாமா இல்லடி, நைனா, உங்க நைனா". ஒரு பகல், அம்மா துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில், குழந்தைக்கு என்ன தோன்றியதோ, அந்த நைனாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. சின்னக் கால்கள், சரளைக்கல், மேடு, காற்று. பாறை வரைக்கும் போய், அதற்கு மேல் முடியாமல், பாறைமேல் படுத்துக்கொண்டு, முதலில் அழுதது, பிறகு கூப்பிட்டது, பிறகு அழக்கூட முடியாமல் முனகியது. கனகவல்லி ஈரத்துணியோடு ஓடிவந்து தூக்கியபோது குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கற்குவியலுக்குப் பின்னால் ஏகாம்பரம் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகம் நனைந்திருந்தது. ஆனால் உட்கார்ந்துதான் இருந்தான்.

அவள் குழந்தையோடு அவன் இருந்த கோடி வரைக்கும் நடந்தாள்.

"பாத்துக்கினுதான இருந்தீங்க?"

"பாத்துக்கினுதான் இருந்தேன்."

"எழுந்து வரதுக்கு இன்னா கேடு? பெத்த புள்ளங்க அது!"

"காலு வரல கனகா."

"எப்பலேர்ந்து?"

அவன் பாறையைப் பார்த்தான். "அவன் அது மேல கெடந்தப்பலேர்ந்து."

அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்களைப் போல வசதியான விளக்கங்களை நம்பி வாழ்ந்தவள்தான் அவளும், ஆனால் கையில் நீலம் பாரித்த பிள்ளை இருந்தது.

"யாரு, முனிரத்தினம் அண்ணனா? உங்க மடியில..."

"மடியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. தண்ணி தண்ணின்னு கூப்ட்டுக்கினே இருந்தான். எங்கிட்ட தண்ணி இருந்துச்சி. நான் இந்தக் கல்லுக்குப் பின்னாடி இருந்தேன்."

"சுட்டுக்கினு இருந்தாங்களா?"

"மொதல்ல சுட்டாங்க. அப்புறம் சுடல. அப்பவும் நான் போவல."

கனகவல்லி அங்கேயே, சரளைக்கல்மேல், உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள், வந்தது கூச்சம். "நான் ஊரெல்லாம் சொல்லிக்கினு வந்தனே," என்றாள். "தண்ணிக் கொழாயாண்ட, ரேஷன் கடையாண்ட, மடி கொடுத்தவரு பொண்டாட்டின்னு முன்னாடி விட்டாங்களே, நானும் போனனே."

முனிரத்தினத்தின் மகள் கௌசல்யாவுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தை பிறந்ததும் நாள் பார்த்து, பொன்னியம்மன் கோயிலில், ஏகாம்பரத்தின் மடியில்.

"அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணாண்ட போயி சொல்லிடுங்க."

"சொல்றேன்."

சொல்லப் போனான். தெருவில் இறங்கிப் பச்சையம்மா வீட்டு வாசல் வரை போனான். அவள் புது வேட்டி துண்டு ஒன்றை மஞ்சள் தடவி வைத்திருந்தாள், "அண்ணா, நானே குடுத்தனுப்பலாம்னு இருந்தேன்" என்று அவன் கையில் வைத்தாள், அவன் வேட்டியோடு திரும்பி வந்தான். இன்னொரு நாள் போனான், கௌசல்யா மொட்டை அடிக்கப் போவதைப் பற்றி அவனிடம் வெகுநேரம் பேசியது, திரும்பி வந்தான். பிறகு போகவில்லை. கனகவல்லி அவனைக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள், டிபன் கேரியரைப் பாறைமேல் வைத்துவிட்டு வந்துவிடுவாள். தூரத்திலேயே பெரிய தூரம் அதுதான்.

காதுகுத்து அன்று கோயில் முன்னால் பந்தல், சமுக்காளம், மைக்செட், வாழைமரம். பத்தர் தங்கக் கம்பியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர். சுபேதார் கோதண்டம் முன்வரிசையில், மீசையை நீவிக்கொண்டு. பச்சையம்மாவின் தம்பி, உரிமையை விட்டுக்கொடுத்த தாய்மாமன், "என் மடிக்கு இன்னா கொறச்சல், அரிசி மூட்ட தூக்கற மடி" என்று நண்பர்களிடம் முனகிக்கொண்டு. ஏகாம்பரம் மஞ்சள் தடவிய வேட்டியில் வந்து சமுக்காளத்தில் உட்கார்ந்தான், பழக்கம்போல முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"மாப்ள, சம்மணம் போடு, பாப்பா எங்க ஒக்காரும்?" என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். அவன் கையை எடுத்தான். கால்கள் ஊர் வந்த பிறகு முதல் தடவையாக விரிந்தன. பச்சையம்மா சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு கௌசல்யாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தாள், நிலம் வந்துவிட்டது.

பந்தலுக்குக் கீழே, அவர்கள் இருவருக்கும் நடுவில், சாம்பல் மண்ணும் சரளையும் பாறையும் குளிர்காற்றும். எங்களுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை, அது எங்களுக்குப் பழகிய நிலம், மிளகாய் காய வைத்த நிலம்.

"மிலிட்டரிகாரரு நெலத்தயும் கூடவே ஓட்டிக்கினு வந்துட்டாரே!" என்று தாய்மாமன் கத்தினான். "நட அக்கா, நட, கடல வறுத்துத் தின்னுக்கினே நட!"

பச்சையம்மா நடந்தாள். அவள் அதற்கு முன் அந்த நிலத்தில் கால் வைத்ததில்லை, துக்க வருஷம் முடிகிற வரை பிறத்தியார் வீட்டுக்கு அவள் போகவில்லை. மேடேற ஏற மூச்சு வாங்கியது. பாறைக்கு வந்ததும் குழந்தையை அதன்மேல் உட்கார வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள். குழந்தை மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, சாதாரணமாக, எல்லாக் குழந்தைகளும் கேட்பதுபோலக் கேட்டது.

"தண்ணி."

காற்று அந்தச் சொல்லை அப்படியே கொண்டுவந்தது. ஏகாம்பரம் பத்தரின் பக்கத்திலிருந்த சொம்பை எடுத்தான். எழுந்து நின்றான், நிற்க முடியவில்லை, கீழே படுத்தான். படுத்து, முழங்கையை ஊன்றி, அவனுக்குக் கற்றுக்கொடுத்த மாதிரியே, வயிற்றால் நகர ஆரம்பித்தான், ஒரு கையில் சொம்பு, தண்ணீர் தளும்பாமல், புது வேட்டி சரளையில் கிழிய, யாரும் சுடாத இடத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டு. முதலில் நாங்கள் சிரித்தோம். தமாஷ் காட்டுகிறான் என்று நினைத்தோம், மைக்செட்காரன் பாட்டுகூடப் போட்டான். பிறகு அவன் முழங்கையில் ரத்தம் தெரிந்தது, ஒருவர் சிரிப்பை நிறுத்தினார், அப்புறம் ஒருவர், அப்புறம் பாட்டு நின்றது. முன்வரிசையில் சுபேதார் கோதண்டத்தின் கை மீசையிலேயே நின்றுபோயிருந்தது.

பாறைக்கு வந்து, மண்டியிட்டு, குழந்தையின் வாயில் சொம்பை வைத்தான். குழந்தை மடமடவென்று குடித்தது.

"இன்னாண்ணா இது?" என்றாள் பச்சையம்மா.

"அவன் தல இதும்மேலதாம்மா இருந்திச்சி. என் மடியில இல்ல."

அவள் பாறையைப் பார்த்தாள்.

"கூப்ட்டாரா?"

"கூப்ட்டான்."

"உம் பேரச் சொல்லியா?"

"பேரச் சொல்லி."

"எம்மா நேரம்?"

"வெயிலு எறங்கற வரிக்கும்."

"தண்ணி?"

 சொம்பைக் கீழே வைக்கவும் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தான். பச்சையம்மா அவனை அடிப்பாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தோம், உண்மையைச் சொன்னால், அப்படி ஏதாவது செய்துவிட்டால் தேவலை என்றிருந்தது, எங்களுக்குப் பார்க்க ஒரு இடம் கிடைத்திருக்கும். அவள் உள்ளங்கையை அந்தப் பாறைமேல் வைத்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்து, கௌசல்யாவைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பந்தலைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"பத்தரே! பெட்டிய எடுத்துக்கினு இங்க வாங்க!"

பத்தர் வந்தார். காது குத்தினார். குழந்தை வீரிட்ட சத்தம் அந்த நிலம் முழுக்கப் பரவி, நாங்கள் கடலை கொட்டிய இடம், வடகம் பிழிந்த இடம், பவுண்டரி அடித்த இடம் எல்லாவற்றின்மேலும் போய்விட்டு எங்களிடம் வந்தது. எங்களில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"சொம்ப வெச்சிட்டுப் போ" என்றாள் பச்சையம்மா. அண்ணா என்று சொல்லவில்லை. அவன் வைத்தான். அவள் ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் சொம்புமாகத் திரும்பி நடந்தாள், அவள் நடக்க நடக்கப் பின்னால் நிலம் குறைந்துகொண்டே வந்தது, கடைசியில் பந்தல் நடுவில், சமுக்காளத்தில், கிழிந்த வேட்டியோடு ஏகாம்பரம் மண்டியிட்டிருந்தான், கைக்கெட்டும் தூரத்தில் ஊர் மொத்தமும்.

பச்சையம்மா அதன்பிறகு அவனோடு பேசவில்லை. பத்தர் கேட்டும் அந்தச் சொம்பை அவள் திருப்பித் தரவுமில்லை.

கனகவல்லி வீட்டுக்கு வந்து, பழக்கத்தில் செருப்போடு வேகமாக நடந்து, நாலு எட்டில் அவன் முழங்காலில் போய் முட்டிக்கொண்டாள். கூடம் கூடமாகவே இருந்தது. அது அவனுக்கு இன்னும் கொடுமையாக இருந்திருக்க வேண்டும், ஒளிந்துகொள்ள அந்தக் கற்குவியல்கூட இல்லை, குனிந்த முகத்தைத் தாயும் மகளும் கிட்டத்தில் பார்த்தார்கள். ஷர்மிளா அவன் மடியில் ஏறவில்லை. அவனைச் சுற்றி ஒருமுறை வந்து, சம்மணமிட்டிருந்த கால்களை ஆராய்ந்து, தன்னிடமிருந்த புளியங்கொட்டைகளைப் பலகைமேல் பரப்புவதுபோல அவன் மடிமேல் பரப்பி விளையாட ஆரம்பித்தாள். கொட்டை உருண்டுவிடக் கூடாதே என்று அவன் மூச்சைக்கூட மெதுவாக விட்டான். கனகவல்லி வந்து, சாதாரணக் குரலில் சாப்பிடச் சொன்னாள். தெருவுக்குக் கேட்கவில்லை.

தெருவுக்குக் கேட்டது வேறு குரல். காதுகுத்து விருந்துக்குச் சுபேதார் கோதண்டம் இருக்கவில்லை, முதல் ஆளாக எழுந்து போயிருந்தார். அவருக்கென்று எடுத்துவைத்த இலைச் சாப்பாட்டைக் கொடுக்க நாங்கள் நாலைந்து பேர் போனோம். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ராஜாமணியம்மாளின் குரல், "ஏங்க, சாப்புட வரீங்களா", இத்தனை வருஷமாகத் தெருக்கோடிக்குக் கேட்டுக்கொண்டிருந்த அதே குரல். கொஞ்சம் கழித்து எதிர்ச்சாரியில் இன்னொரு வீட்டிலிருந்து ஒன்று. அதற்கடுத்த தெருவிலிருந்து ஒன்று. ஊரெங்கும் பெண்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்களில் ஒருவர் பீரங்கியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. கதவைத் தட்ட யாருக்கும் கை வரவில்லை. பிற்பகல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த அந்த வாசலில், சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்றோம், கதவுக்கு அடியிலிருந்து வந்த குளிர்காற்று எங்கள் கால்விரல்களில் பட்டுக்கொண்டிருந்தது.